மூக்கு ஒவ்வாமையும் ஆயுர்வேத மூலிகை மருந்துகளும்



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கு வரும் மனுக்களில் இந்த ஆண்டு புதிதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. “அலர்ஜிக்கு ஆயுர்வேத வைத்தியம், மூன்று மாதப் பேக்கேஜ்” என்று எழுதி, கூடவே ஒரு விலைப்பட்டியலையும் இணைத்துக் கொண்டு வருகிறார்கள். பட்டியலில் மருந்தின் பெயர் இருக்காது. “பவுடர் 1, பவுடர் 2, ஆயில்” என்று மட்டும் இருக்கும். நாம் கொடுப்பது ஜகாத் பணம். எதற்குக் கொடுத்தோம் என்ற கேள்விக்கு நாளை பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். எனவே இந்த நோய் என்ன, ஆயுர்வேதம் இதற்கு உண்மையில் என்ன கொடுக்கிறது, எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பதை மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்ல. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்து வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

சைனஸ் என்று நாம் சொல்வது

மூக்கில் எது வந்தாலும் நம் ஊரில் அதற்கு “சைனஸ்” என்றுதான் பெயர். சுப்ஹு நேரத்தில் எழுந்தவுடன் வரிசையாகப் பத்துப் பதினைந்து தும்மல், தண்ணீர் போல ஒழுகும் மூக்கு, மூக்கிலும் அண்ணத்திலும் கண்ணிலும் அரிப்பு, பிறகு அடைப்பு, ஆனால் காய்ச்சல் கிடையாது. இப்படி இருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. வாரத்தில் நான்கு நாட்களுக்கு மேலாகவும், தொடர்ந்து நான்கு வாரங்களுக்கு மேலாகவும் இருந்தால் மருத்துவர்கள் அதை நீடித்த மூக்கு ஒவ்வாமை என்கிறார்கள். கெட்டியான மஞ்சள் சளி, முக வலி, ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பு, இரத்தக் கசிவு ஆகியவை வேறு நோய்களின் அடையாளம். அவற்றுக்கு முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்தக் கஷாயத்தையும் அதற்கு முன் தொடங்கக் கூடாது.

ஒவ்வாமையில் நடப்பது இதுதான். தூசிப்பூச்சி, கரப்பான் கழிவு, பூஞ்சை, மகரந்தம் போன்ற, பிறருக்கு ஒன்றும் செய்யாத பொருளைச் சிலருடைய உடல் எதிரியாக நினைத்துவிடுகிறது. அதற்காக இம்யுனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்தப் பொருள் மூக்கில் பட்டதும், மூக்குச் சவ்வில் உள்ள சில உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. தும்மலும் நீரும் அரிப்பும் அதனால் வருபவை. தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது. தலையணை, மெத்தை, கம்பளம் ஆகியவற்றில் இருந்துகொண்டு நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று வாழ்கிறது.

பீடி சுற்றும் நம் பெண்கள் தும்முவதில் ஒரு பங்கு ஒவ்வாமை இல்லை. புகையிலைத் தூள் நேரடியாக மூக்கைப் புண்ணாக்குவது. அதற்கு எந்த வைத்தியத்திலும் மருந்து கிடையாது. வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, காற்றோட்டமான திண்ணையில் உட்கார்ந்து சுற்றுவதும், தூளைப் படுக்கும் அறையில் வைக்காமல் இருப்பதும்தான் வழி.

ரோஜாவும் அர்ராஸீயும்

ஆயுர்வேதம் நமக்கு அந்நியமான கல்வி என்று சில சகோதரர்கள் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கலீஃபா ஹாரூன் ரஷீத் காலத்தில், பர்மக்கீ அமைச்சர்களின் ஆதரவில், பக்தாதில் சுஸ்ருதரின் நூல் அரபியில் பெயர்க்கப்பட்டது. சரகரும் அரபியில் “ஷரக்” ஆனார். அலீ இப்னு ரப்பன் அத்தபரீ 850ஆம் ஆண்டில் முடித்த ஃபிர்தவ்ஸுல் ஹிக்மாவில் இந்திய மருத்துவத்துக்கென்றே தனிப் பகுதி உண்டு.

ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக இருந்த அபூபக்ர் அர்ராஸீ (இறப்பு ஹி. 313, கி.பி. 925 அளவில்) எழுதிய சிறு நூல் ஒன்று இந்த நோயைப் பற்றியதே. அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞருக்கு வசந்த காலத்தில் ரோஜா மலரை முகர்ந்ததும் மூக்கு ஒழுகத் தொடங்கும். ஏன் அப்படி என்று ஆராய்வதுதான் அந்த நூலின் பொருள். பருவத்தோடும் மணத்தோடும் மூக்கு நோயை இணைத்து எழுதப்பட்ட மிகப் பழைய நூல்களில் ஒன்றாக இன்றைய மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். அத்தரும் ஊதுபத்தியும் ஒத்துக்கொள்ளாத ஒருவர் தொழுகை வரிசையில் நம் பக்கத்தில் நின்று தும்மினால் அவரை முறைத்துப் பார்ப்பதற்கு முன் பல்கீயை நினைத்துக்கொள்ளலாம்.

ஆயுர்வேதம் சொல்வது

ஆயுர்வேதத்தில் இதற்குப் பிரதிஷ்யாயம் என்று பெயர். நாள்பட்டுக் கெட்டுப்போனால் துஷ்ட பிரதிஷ்யாயம். சித்த வைத்தியர் பீனிசம் என்பதும், யூனானி ஹக்கீம் நஸ்லா, ஜுகாம் என்பதும் இதற்கு நெருங்கிய சொற்கள். சுஸ்ருதர் தம் நூலின் பிற்பகுதியான உத்தர தந்திரத்தில் இதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். சரகர் காரணங்களை வரிசைப்படுத்தும்போது, அஜீரணம், இயற்கை உபாதைகளை அடக்குவது, இரவில் கண்விழிப்பது, பருவ மாற்றம், குளிர் ஆகியவற்றோடு தூசியையும் சேர்த்துச் சொல்கிறார்.

அவர்கள் பார்வையில் வயிற்றின் செரிமானத் தீ மந்தமானால் சரியாகச் செரிக்காத கழிவு உடலில் தேங்குகிறது. கபமும் வாதமும் கெட்டுத் தலைப் பகுதியில் தங்குகின்றன. ஆகவே நல்ல ஆயுர்வேத மருத்துவர் மூக்கில் தொடங்க மாட்டார். பசி எப்படி, மலம் எப்படி, இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய், தயிர் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறாயா என்றுதான் முதலில் கேட்பார். இரண்டு நிமிடத்தில் பார்சல் கட்டிக் கொடுப்பவரிடம் சந்தேகம் கொள்ள இது ஒன்றே போதும்.

புதிதாகப் பிடித்த சளிக்கு முதலில் எளிய உணவு, வெந்நீர், சுக்கு மிளகு திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம், வேது பிடித்தல். அந்த நிலையில் மூக்கில் எண்ணெய் விடுவதில்லை. நாள்பட்டதற்கே நஸ்யம். வழக்கில் உள்ள மருந்துகளில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது ஹரித்ரா கண்டம். மஞ்சள்தான் இதில் தலைமை. பால், நெய், சர்க்கரை, திரிகடுகம், ஏலம், இலவங்கப்பட்டை, திரிபலா, சிவதை வேர் போன்றவை சேரும். பழைய நூல் இதைத் தோல் தடிப்புக்கும் அரிப்புக்கும் சொல்கிறது. மூக்கு ஒவ்வாமைக்கும் இன்று மருத்துவர்கள் தருகிறார்கள். இதில் பெரும்பகுதி சர்க்கரை என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறந்துவிடக் கூடாது. சிவதை பேதியாக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

அடுத்தது அணு தைலம். நல்லெண்ணெயைப் பல மூலிகைகளின் கஷாயத்தோடு பத்து முறை காய்ச்சி, கடைசி முறை ஆட்டுப்பால் சேர்ப்பது சரகர் சொல்லும் முறை. முகத்தில் இலேசாக எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்து, மல்லாந்து படுத்துத் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வெதுவெதுப்பான தைலத்தை ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு விடுவார்கள். தொண்டைக்கு வருவதைத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. சாப்பிட்டவுடனும், தலைக்குக் குளித்தவுடனும், காய்ச்சலின்போதும் நஸ்யம் கிடையாது. ஏழு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேண்டாம் என்று ஆயுர்வேத நூலே விலக்குகிறது.

இதை நம் வீட்டுப் பாட்டிமார்கள் கவனிக்க வேண்டும். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டி மூக்கில் எண்ணெய் ஊதும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலில் இறங்கினால் அங்கே கரையாது. ஒருவித நிமோனியாவை உண்டாக்கும். குழந்தை மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆயுர்வேதத்தின் பெயரால் செய்யப்படும் இந்தக் காரியத்தை ஆயுர்வேதமே ஏற்கவில்லை.

இவை தவிர சிதோபலாதி, தாளீசாதி சூரணங்கள், ஆடாதொடை, துளசி, அதிமதுரம் எல்லாம் உண்டு. அதிமதுரத்தை நாம் மிட்டாய் போலச் சுவைக்கிறோம். அதிகநாள் எடுத்தால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும், உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது உகந்ததன்று.

ஆய்வுகள் எந்த அளவுக்கு

சீந்தில் கொடி மூக்கு ஒவ்வாமைக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. நாக்பூரில் 75 நோயாளிகளைக் கொண்டு, ஒரு பிரிவினருக்குச் சீந்தில் மாத்திரையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் எட்டு வாரம் கொடுத்த ஆய்வு 2005இல் வெளியானது. சீந்தில் சாப்பிட்டவர்களுக்குத் தும்மலும் ஒழுகலும் அடைப்பும் நன்றாகக் குறைந்தன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் 75 பேர் என்பது சிறு எண்ணிக்கை.

அதே சீந்திலைக் கொரோனா காலத்தில் தினமும் காய்ச்சிக் குடித்தவர்களில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. அவர்கள் குடித்தது உண்மையான சீந்தில்தானா என்று சோதிக்கப்படவில்லை, அதே இனத்தைச் சேர்ந்த வேறு கொடியாக இருக்கலாம் என்றது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு வழங்குவது நம் வேலை இல்லை. நமக்கு வேண்டிய பாடம் இரண்டு தரப்பிலும் ஒன்றுதான்: கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் சீந்திலைத் தொட வேண்டாம், மற்றவர்களும் வேலியில் படர்ந்த கொடியைப் பார்த்துத் தாமாகப் பறித்துக் காய்ச்ச வேண்டாம்.

கருஞ்சீரகத்தைப் பற்றி எழுதாமல் போனால் கேட்பீர்கள். அது மரணத்தைத் தவிர்த்த நோய்களுக்கு நிவாரணம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஆயிஷா (ரலி) அறிவிப்பதாக ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அந்த ஹதீஸின் பின்னணி பலருக்குத் தெரியாது. காலிப் பின் அப்ஜர் (ரலி) பயணத்தில் நோயுற்றபோது அவரைப் பார்க்க வந்த இப்னு அபீ அதீக் என்பவர், ஐந்து அல்லது ஏழு கருஞ்சீரக விதைகளை அரைத்து எண்ணெயில் கலந்து மூக்கின் இரு துவாரங்களிலும் சொட்டுவிடச் சொன்னார். பிறகு இந்த ஹதீஸை எடுத்துச் சொன்னார். எல்லா நோய்க்கும் என்ற பொதுச் சொல்லை, குளிர்ச்சியாலும் ஈரத்தாலும் வரும் நோய்களைக் குறிப்பதாக இமாம் கத்தாபீ விளக்கியிருக்கிறார். மூக்கு ஒவ்வாமை உள்ள 66 பேரிடம் கருஞ்சீரக எண்ணெயைக் கொடுத்துப் பார்த்த ஈரானிய ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது; பலன் இருப்பதாகவே அது சொன்னது. ஹதீஸின் மீது நம் ஈமான் ஆய்வை எதிர்பார்த்து நிற்பதில்லை. ஆனால் இந்த ஹதீஸைக் கடை விளம்பரப் பலகையில் எழுதி, எந்த ஆலையில் பிழிந்தது என்றே தெரியாத எண்ணெயை மூக்கில் விடச் சொல்லும் வியாபாரிக்கு ஹதீஸ் பொறுப்பாகாது. மருத்துவம் அறியாதவன் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அவனே பொறுப்பாளி என்ற கருத்திலும் ஹதீஸ் இருக்கிறது. அதை எந்தக் கடையும் எழுதி மாட்டுவதில்லை.

ஹலால் பற்றி வந்த கேள்விகள்

சூரணம், கஷாயம், மூலிகை மாத்திரை ஆகியவற்றில் பொதுவாகச் சிக்கல் இல்லை. அரிஷ்டம், ஆசவம் என்று முடியும் மருந்துகள் நொதிக்க வைத்துச் செய்யப்படுபவை. அவற்றில் தானாக உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும், லேபிளிலேயே போட்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக அதே மூலிகைகளின் கஷாயத்தைக் கேட்டு வாங்கலாம். “எனக்கு அரிஷ்டம் வேண்டாம்” என்று சொன்னால் எந்த ஆயுர்வேத மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சில தயாரிப்புகளில் கோமூத்திரம் சேரும். சிலவற்றில் ஆட்டிறைச்சி சேரும். அஜமாம்ச ரஸாயனம் என்ற பெயரில் அஜம் என்பதே ஆட்டைத்தான் குறிக்கிறது. அறுப்பு முறை தெரியாத இறைச்சி அது. ஜெலட்டின் உறையிட்ட கேப்சூலையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேறு மாற்று மருந்தே இல்லாத கட்டாயத்தில் என்ன செய்வது என்பதை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேளுங்கள்.

ரமலானில் நஸ்யம் பற்றிய கேள்வியும் வந்தது. உளூவில் மூக்குக்கு நன்றாக நீர் செலுத்துமாறும் நோன்பாளியாக இருந்தால் மட்டும் அதில் மிகைப்படுத்த வேண்டாம் என்றும் லகீத் பின் ஸபிரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். மூக்கில் விடும் மருந்து உள்ளே சென்றால் நோன்பு முறியும் என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளின் நிலை. தைலத்தை இஃப்தாருக்குப் பின் படுக்கும்போது வைத்துக்கொள்ளலாம். மூக்கு ஸ்ப்ரேயில் இக்கால ஆலிம்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது. நாளுக்கு ஒருமுறை அடிப்பதாக இருந்தால் அதையும் இரவுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினையே இல்லை.

மூச்சு மருந்தை நிறுத்தாதீர்கள்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு சிறுவனின் செய்தி. நம் மஹல்லாவில் தையல் வேலை செய்யும் ஒரு தாயின் மகன், பதினோரு வயது. மூக்கு ஒவ்வாமையோடு அவனுக்கு ஆஸ்துமாவும் உண்டு. அரசு மருத்துவமனையில் கொடுத்த இன்ஹேலரால் ஒரு வருடமாக நன்றாக இருந்தான். “இன்ஹேலர் போட்டால் பழகிவிடும், எங்கள் பொடி போதும், அதைத் தூக்கிப் போடுங்கள்” என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, நகையை அடகு வைத்துப் பொடி வாங்கியிருக்கிறார் அந்தத் தாய். முதல் மூன்று வாரம் பையன் அருமையாக இருந்தான், அந்தப் பொடி வேலை செய்தது என்றே நம்பினார்கள். ஐந்தாவது வாரம் நள்ளிரவில் உதடு நீலம் பாய்ந்து ஆட்டோவில் கொண்டு போனார்கள். நான்கு நாள் ஆக்ஸிஜன் வைத்து, அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தான்.

மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை. மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் இருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2001இல் வெளியிடப்பட்ட ஏரியா வழிகாட்டி சொல்கிறது. ஆஸ்துமாவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே நம் நாட்டு மருந்து விதிகள் தடை செய்கின்றன. அந்தப் பட்டியல் அலோபதிக்கும் உண்டு, ஆயுர்வேதத்துக்கும் உண்டு. பெயரில்லாத பொடி முதல் சில வாரங்களில் அதிசயமாக வேலை செய்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். வாயால் உண்ணும் ஸ்டீராய்டைத் தெரியாமல் மாதக்கணக்கில் எடுத்துத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்ததாக 2004இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எல்லா ஆயுர்வேத மருந்தும் அப்படி என்று இதற்குப் பொருளில்லை. உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் ஆகிய நான்கும் அச்சிட்ட மருந்தை மட்டும், பதிவு பெற்ற பி.ஏ.எம்.எஸ். மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும் என்பதுதான் பொருள்.

அலோபதியில் நீடித்த மூக்கு ஒவ்வாமைக்கு முதன்மை மருந்து மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. அதன் அளவு மிகச் சிறிது, பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடுகிறது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே “கேட்கவில்லை” என்று தூக்கி வைத்துவிடுகிறோம். உடனே அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்து வேறு வகை. அதை ஐந்து நாளைக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். ஸ்ப்ரேயைத் தொடர்ந்துகொண்டே ஆயுர்வேத மருந்தும் எடுக்கலாமா என்றால், இரு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டு எடுக்கலாம்.

வீடும் பள்ளிவாசலும்

எந்த மருந்தும் தூசியை அனுமதித்துக்கொண்டு வெல்லாது. தலையணை உறை, விரிப்பு, போர்வையை வாரம் ஒருமுறை கொதிநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். கம்பளத்தை விடக் கோரைப்பாய் நல்லது. குழந்தை படுக்கும் அறையில் சாம்பிராணிப் புகை வேண்டாம். பள்ளிவாசலின் தொழுகைக் கம்பளங்கள் ஸஜ்தாவில் நம் மூக்குக்கு மிக அருகில் வருகின்றன. பெருநாளுக்கு முன்னால் மட்டும் தட்டுவது போதாது; வாரம் ஒருமுறை தூசி உறிஞ்சும் இயந்திரம் போட வேண்டும் என்று ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது செலவில்லாதது. அலோபதியும் ஆயுர்வேதமும் சேர்ந்து ஒப்புக்கொள்வது. அரை லிட்டர் நீரை நன்கு கொதிக்க வைத்து ஆறவிட்டு, தட்டையாக ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு கலந்து அன்றே பயன்படுத்த வேண்டும். கொதிக்க வைத்த நீர் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். குளோரின் போதாத நீரில் வாழும் ஓர் அமீபா மூக்கின் வழியாக மூளைக்கு ஏறிவிடும். நோய் மிக அரிது, வந்தால் பிழைப்பதும் அரிது. கராச்சியில் 2008–09இல் இப்படி 13 பேர் பாதிக்கப்பட்டதை ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் நீச்சலடித்தவர்களே அல்லர். உளூவின்போது மூக்கில் ஏறிய குழாய் நீரே காரணமாகக் கருதப்பட்டது. கேரளத்திலும் அண்மை ஆண்டுகளில் இந்த நோய் வந்திருக்கிறது. இதற்காக ஸுன்னத்தை விட வேண்டியதில்லை. ஹவ்ளைக் குறித்த நாளில் கழுவி, குளோரின் போட்டு வைப்பது நிர்வாகத்தின் கடமை.

மனு செய்வோருக்கு

நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த நிறுவனமும் உள்ளன. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் ஆயுஷ் பிரிவுகள் உண்டு. தனியார் பேக்கேஜுக்கு மனு எழுதும் முன் இவற்றில் ஒன்றைப் பாருங்கள்.

இனி ஆயுர்வேத சிகிச்சைக்கு உதவி கேட்டு வரும் மனுவோடு, மருத்துவரின் பதிவு எண் உள்ள மருந்துச் சீட்டும், மருந்துகளின் பெயர் எழுதிய ரசீதும் இருக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. ஆஸ்துமா உள்ளவராக இருந்தால், மூச்சு மருந்து தொடர்கிறது என்று நுரையீரல் அல்லது குழந்தை மருத்துவர் எழுதிய குறிப்பும் தேவை. அந்தக் குறிப்பு வாங்கப் போய்வரும் பஸ் செலவை அறக்கட்டளையே தரும். படிவங்கள் வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் அலுவலகத்தில் கிடைக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு அங்கேயே எழுதித் தருகிறோம்.